வங்குரோத்துக்குப் பின் பல்கலைக்கழகம்: இங்கிலாந்தின் மாணவர் நிதிச் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தில் ஒருவர் வங்குரோத்து ஆனால், அதாவது சட்டப்படி திவாலானவர் என்று பதிவு செய்யப்பட்டால், அதன் பிறகு வீட்டு வாடகை முதல் கைப்பேசி ஒப்பந்தம் வரை எல்லா இடத்திலும் அவருடைய கடன் வரலாறே முதலில் கேட்கப்படும். அந்தக் கேள்வியைக் கேட்காத மிகச் சில சேவைகளில் ஒன்று, பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கடனும் உதவித்தொகையும் வழங்கும் ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்து. வங்குரோத்து நிலையில் இருந்துகொண்டே அதற்கு விண்ணப்பித்து, இப்போது தாதியர் பட்டப்படிப்பைத் தொடர்ந்துகொண்டிருக்கும் ஒருத்தி என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடனில் விழுந்து எழ நினைப்பவருக்கு இந்தச் சேவை நியாயமானது, நம்பத்தகுந்தது. ஆனால் அதைச் சுற்றியுள்ள வங்கி, வாடகை, சமூகநலக் கொடுப்பனவு ஆகியவற்றின் விதிகளையும் சேர்த்து அறியாமல் விண்ணப்பித்தால், கையில் வந்த பணமும் உதவாமல் போகலாம்.

நானும் என் கணவரும் ஒரு பலசரக்குக் கடை நடத்தினோம். கடையின் குத்தகைக்கும் வியாபாரக் கடனுக்கும் நான் தனிப்பட்ட முறையில் பிணை கையொப்பம் இட்டிருந்தேன். வியாபாரம் நின்றபோது கம்பனியின் கடன் என் கடனாயிற்று. இலவச ஆலோசனை பெற்று, கட்டணமான 680 பவுணைத் தவணை முறையில் செலுத்தி, இணையவழியாக வங்குரோத்துக்கு விண்ணப்பித்தேன். என் நிலையில் வேறு வழி இருக்கவில்லை. இதே நிலைக்கு வருபவர்களுக்கு ஒன்றை இடையில் சொல்ல வேண்டும். கடன் 50,000 பவுணுக்கு உட்பட்டிருந்து, சொந்த வீடோ சேமிப்போ இல்லாதிருந்தால், கடன் நிவாரண ஆணை என்ற வேறொரு வழி உண்டு. 2024 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணமே இல்லை. மாணவர் கடன் விடயத்தில் இரண்டு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

மாணவர் நிதிக்கான விண்ணப்பம் முழுவதும் இணையவழிதான். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தால், பெயர், பிறந்த திகதி, நஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், கடவுச்சீட்டு விபரம், நாட்டில் வாழ்ந்த முகவரிகள், முன்னர் படித்த படிப்புகள், தெரிவு செய்த பல்கலைக்கழகமும் கற்கைநெறியும், குடும்ப வருமானம், வங்கிக் கணக்கு என்ற வரிசையில் கேள்விகள் வருகின்றன. வங்குரோத்து ஆனவரா, கடன் தவணை தவறியவரா, நீதிமன்றத் தீர்ப்பு ஏதும் உண்டா என்ற கேள்விகள் எந்தப் பக்கத்திலும் இல்லை. விண்ணப்பதாரரின் கடன் வரலாற்றை எந்தக் கடன் தரவு நிறுவனத்திடமும் கேட்டுப் பார்ப்பதும் இல்லை. மூன்று, நான்கு பக்கங்கள் கடந்ததும், இனித்தான் அந்தக் கேள்வி வரும் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு, அந்தக் கேள்வி வரவே வராது என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

அந்தக் கேள்வி இல்லாததற்குக் காரணம் இந்தக் கடனின் அமைப்பிலேயே இருக்கிறது. வங்கி கடன் கொடுக்கும்போது இவர் திருப்பித் தருவாரா என்று பார்க்கிறது. மாணவர் கடனோ, படிப்பு முடிந்து வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகுதான், அந்த வரம்புக்கு மேலுள்ள தொகையில் ஒரு பங்காகச் சம்பளத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. எனவே பழைய கடன் வரலாற்றை வைத்து அளப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. 2004ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டமும் அதன் வழிவந்த விதிகளும் இரண்டு விடயங்களைத் தெளிவாக்கின. ஒன்று, வங்குரோத்து ஆனவருக்குக் கிடைக்கும் மாணவர் கடன், கடன் கொடுத்தோருக்குப் பங்கிடப்படும் அவருடைய சொத்துத் தொகுதிக்குள் சேராது. மற்றது, மாணவர் கடனாகப் பெற்ற தொகை வங்குரோத்தினால் அழிந்துபோகாது. முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது பொறுப்பு. இரண்டையும் ஒன்றாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

உண்மையில் தகுதியைத் தீர்மானிப்பவை வேறு விடயங்கள். பொதுவாகப் பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இருக்க வேண்டும். படிப்புத் தொடங்குவதற்கு முன் மூன்று ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கு அந்த மூன்றாண்டு நிபந்தனை இல்லை. கற்கைக் கட்டணக் கடனுக்கு மேல் வயதெல்லை கிடையாது. வாழ்க்கைச் செலவுக் கடனுக்கான விதிகள் 60 வயதில் மாறுகின்றன. வங்குரோத்தாளருக்குக் குறிப்பாக முக்கியமான நிபந்தனை, முன்னர் பெற்ற மாணவர் கடனில் நிலுவை வைத்திருக்கக் கூடாது என்பதுதான். மற்றக் கடன்களில் எவ்வளவு நிலுவை இருந்தாலும் அது தடையாகாது. பழைய மாணவர் கடனைச் செலுத்த வேண்டிய காலத்தில் செலுத்தாமல் விட்டிருந்தால் அது தடையாகும். அப்படியானவர்கள் முதலில், மாணவர் கடன்களை நிர்வகிக்கும் ஸ்டூடன்ட் லோன்ஸ் கம்பனியோடு பேசி, அந்த நிலுவையைத் தீர்த்துவிட்டே புதிய விண்ணப்பத்துக்குப் போக வேண்டும்.

நம்மவர்களில் பலர் அறியாத இன்னொரு நிபந்தனை முந்திய படிப்புப் பற்றியது. ஏற்கெனவே பட்டம் பெற்றவருக்கு இரண்டாவது பட்டத்துக்கான நிதி பொதுவாகக் கிடைக்காது. அந்தப் பட்டத்தை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பெற்றிருந்தாலும், சொந்தக் காசில் படித்திருந்தாலும் அது கணக்கில் எடுக்கப்படும். இங்கே அந்தப் பட்டத்துக்கு எந்த வேலையும் கிடைக்கவில்லை என்பதை இந்த விதி பொருட்படுத்தாது. அது எனக்கு மிகவும் கடுமையான விதியாகவே படுகிறது. ஆயினும் விதிவிலக்குகள் உண்டு. தாதியர், மருத்துவிச்சி, உடலியக்கச் சிகிச்சை போன்ற சுகாதாரத் துறைப் படிப்புகளுக்கு, 2017 ஓகஸ்ட் முதல் இரண்டாவது பட்டமானாலும் நிதி கிடைக்கிறது. இலங்கையில் பெற்ற ஒரு கலைப் பட்டம் என்னிடம் இருந்ததால், இந்த விதிவிலக்குத்தான் எனக்கு வழி திறந்தது. வங்குரோத்துக்காகப் பயந்துகொண்டிருந்த எனக்கு, உண்மையான தடையாக வந்திருக்கக்கூடியது என் பழைய பட்டம்தான் என்பது பின்னர்தான் விளங்கியது.

தொகைகளைப் பார்ப்போம். 2025–26 கல்வியாண்டில் ஒரு முழுநேர மாணவருக்கான உச்சக் கற்கைக் கட்டணம் 9,535 பவுண். அதற்கான கடன் மாணவரின் கைக்கு வராமல் நேரே பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறது. வாழ்க்கைச் செலவுக் கடன் மாணவரின் வங்கிக் கணக்குக்கு ஆண்டுக்கு மூன்று தவணைகளில் வருகிறது. அதன் உச்சத் தொகை, பெற்றோருடன் வாழ்பவருக்கு 8,877 பவுண், லண்டனுக்கு வெளியே தனியாக வாழ்பவருக்கு 10,544 பவுண், லண்டனில் தனியாக வாழ்பவருக்கு 13,762 பவுண். குடும்ப வருமானம் கூடக் கூட இந்தத் தொகை குறையும். பிள்ளைகள் உள்ளவர்களுக்குச் சிறுவர் பராமரிப்பு மானியம் தனியே உண்டு. தகுதி இருந்தால் பராமரிப்புச் செலவில் 85 வீதம் வரை அது தாங்கும். இந்த மானியத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை.

குடும்ப வருமானம் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 2025–26ஆம் ஆண்டுக்கான கணிப்பு 2023–24 வரியாண்டின் வருமானத்தை வைத்துச் செய்யப்படுகிறது. வியாபாரம் விழுந்த குடும்பத்துக்கு இது பொருந்தாத கணக்கு. கடை நன்றாக ஓடிய ஆண்டின் வருமானத்தைப் பார்த்து, எதுவும் இல்லாத ஆண்டின் உதவி குறைக்கப்பட்டுவிடும். இதற்குப் பரிகாரமும் உண்டு. குடும்ப வருமானம் குறைந்தது 15 வீதம் வீழ்ச்சியடைந்திருந்தால், நடப்பு ஆண்டின் எதிர்பார்க்கப்படும் வருமானத்தை வைத்துக் கணிக்குமாறு கேட்கலாம். 25 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்குப் பெரும்பாலும் பெற்றோரின் வருமானமும், திருமணமான, வயதில் மூத்த மாணவர்களுக்குத் துணைவரின் வருமானமும் கணக்கில் வரும். பெற்றோர் வங்குரோத்து ஆனதால் பிள்ளையின் பல்கலைக்கழகக் கனவு கெட்டுவிடும் என்று கலங்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தக் கலக்கத்துக்கு இடமே இல்லை. பெற்றோரின் வங்குரோத்து பிள்ளையின் விண்ணப்பத்தைத் தொடாது. வருமானம் குறைந்திருந்தால் பிள்ளைக்குக் கூடுதல் தொகை கிடைக்கவே வாய்ப்புண்டு.

அடுத்ததாக, ஒஃபிஷியல் ரிசீவர் என்ற அரச அதிகாரியின் பக்கம். வங்குரோத்து ஆனவரின் சொத்தையும் வருமானத்தையும் ஆராய்பவர் இவர். வங்குரோத்து ஆணை வந்த பின் தொலைபேசியில் இவரது அலுவலகம் நடத்தும் நேர்காணலில், வீட்டு வாடகை, சாப்பாடு, பயணச் செலவு, பிள்ளைகளின் சப்பாத்து வரை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார்கள். நியாயமான செலவு போக மாதத்துக்கு 20 பவுண் அல்லது அதற்கு மேல் மிஞ்சினால், அந்த மிச்சத்திலிருந்து மூன்று ஆண்டுகள் வரை கடன் கொடுத்தோருக்குச் செலுத்தும் உடன்படிக்கை கேட்கப்படலாம். வங்குரோத்து பன்னிரண்டு மாதத்தில் முடிந்தாலும் இந்த உடன்படிக்கை மூன்று ஆண்டும் தொடரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாணவர் கடனாக வரும் தொகையை இந்தக் கணிப்பில் வருமானமாகக் கொள்ளக் கூடாது என்பது சட்டம். அந்தப் பணம் படிக்கவும் வாழவும் தரப்பட்டது. பழைய கடன்காரருக்குப் போகாது.

ஆனால் இந்தப் பாதுகாப்புக் கடனுக்குத்தான். பகுதிநேர வேலையில் வரும் சம்பளம் வழமைபோல் வருமானமே. தாதியர் மாணவர்களுக்கு என்எச்எஸ் என்ற தேசிய சுகாதார சேவையின் கற்றல் ஆதரவு நிதியம் ஆண்டுக்கு 5,000 பவுண் பயிற்சி மானியம் தருகிறது. அது திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத பணம். கடன் அல்லாததால், கடனுக்கான அந்த விலக்கு அதற்கும் உண்டு என்று நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. பல்கலைக்கழகங்கள் தரும் புலமைப்பரிசில், அவசர உதவிப் பணம் ஆகியவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். நான் செய்தது, மாணவர் நிதியின் ஒதுக்கீட்டுக் கடிதத்தையும் பயிற்சி மானியக் கடிதத்தையும், படிப்புக்கான மேலதிகச் செலவுகளின் பட்டியலையும் ஒன்றாக இணைத்து ஒஃபிஷியல் ரிசீவருக்கு அனுப்பியதுதான். பயிற்சி இடங்களுக்குப் போகும் பயணச் செலவு, சீருடை, சிறுவர் பராமரிப்பு எல்லாம் கணக்கில் வந்தபோது மிச்சம் என்று எதுவும் இருக்கவில்லை. வங்குரோத்து முடியும் வரை வருமானத்தில் ஏற்படும் மாற்றத்தையும் புதிதாகக் கிடைக்கும் சொத்தையும் 21 நாட்களுக்குள் அறிவிப்பது கடமை. மறைத்தால், ஓராண்டில் முடிய வேண்டியது நீண்டுபோகலாம்.

இதே பணம், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அரசு தரும் யுனிவேர்சல் கிரெடிட் என்ற கொடுப்பனவின் பக்கம் போனால் நிலைமை தலைகீழாகிறது. அங்கே வாழ்க்கைச் செலவுக் கடன் வருமானமாகக் கணிக்கப்பட்டு, மாதக் கொடுப்பனவு குறைக்கப்படுகிறது. அதைவிடக் கடினமானது, அந்தக் கடனைப் பெறாமல் விட்டாலும் பெற்றதாகவே கருதிக் கணிப்பார்கள் என்பது. கடன் வேண்டாம், இருப்பதை வைத்துச் சமாளிப்போம் என்று நினைக்கும் குடும்பம் இரண்டு பக்கத்தாலும் இழக்கும். பிள்ளைகள் உள்ள மாணவர்கள் யுனிவேர்சல் கிரெடிட் பெறத் தகுதியுள்ளவர்களாக இருக்கலாம் என்பதால், படிப்புத் தொடங்கும் முன்பே இந்தக் கணக்கை ஓர் ஆலோசகருடன் இருந்து போட்டுப் பார்ப்பது அவசியம்.

வங்குரோத்து முடிவடையாத ஒருவர் 500 பவுண் அல்லது அதற்கு மேல் கடன் பெறும்போது, தம் நிலையைக் கடன் கொடுப்பவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் பெறுவது குற்றம். மாணவர் நிதி விண்ணப்பத்தில் அதைச் சொல்வதற்கென ஓர் இடம் இல்லை. கேட்கவில்லையே என்று இருந்துவிடலாமா என்ற தடுமாற்றம் இங்கேதான் எழுகிறது. என் கருத்தில், ஒரு சிறு கடிதம் எழுதி, வாடிக்கையாளர் இலக்கத்தைக் குறிப்பிட்டு, வங்குரோத்து ஆணையின் திகதியையும் சொல்லி அனுப்பிவிட்டு, அதன் பிரதியை வைத்துக்கொள்வதுதான் நல்லது. கடன் வரலாறு தகுதி நிபந்தனை அல்லாதபடியால், சொல்வதனால் விண்ணப்பம் நிராகரிக்கப்படாது. சொல்லியிருப்பதனால் நம் மனமும் சட்டமும் தெளிவாக இருக்கும். படிவத்திலேயே இதற்கென ஒரு வரி சேர்க்கப்பட்டால் எத்தனையோ பேரின் நித்திரை காக்கப்படும்.

வங்கிக் கணக்குத்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம். ஆணை வந்ததை அறிந்ததும் வங்கி கணக்கை முடக்குவது வழமை. எங்கள் வங்கியும் அவ்வாறே செய்தது. வீட்டு வாடகைக்காக வைத்திருந்த பணம்கூட ஒஃபிஷியல் ரிசீவரின் அனுமதி வரும் வரை எடுக்க முடியாமல் கிடந்தது. மாணவர் கடன் அப்படியொரு கணக்குக்குள் வந்து விழுந்தால், அது சட்டப்படி நம்முடைய பணமாக இருந்தாலும் வெளியே எடுக்க அலைய வேண்டியிருக்கும். மேலதிகப் பற்று, அதாவது இருப்பைத் தாண்டி எடுத்த கடன், உள்ள பழைய கணக்கு ஒன்றுக்கு அது போனால், வங்கி தன் பாக்கிக்கு அதை எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆகவே படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன்பே, கடன் எதுவும் இல்லாத வேறொரு வங்கியில் அடிப்படைக் கணக்கு ஒன்றைத் திறக்க வேண்டும். மேலதிகப் பற்று வசதி இல்லாத இந்தக் கணக்குகளைப் பெரிய வங்கிகள் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்பது இந்நாட்டின் விதி. வங்குரோத்து இன்னும் முடிவடையாத ஒருவரை ஏற்கும் வங்கிகள் எவை என்பதை இலவசக் கடன் ஆலோசனை நிலையங்கள் சொல்லும். கணக்கு மாணவரின் பெயரில் இருந்தால் மாணவர் நிதிக்கு அது போதும்; வங்கி விபரத்தை இணையக் கணக்கிலேயே மாற்றிக்கொள்ளலாம். வட்டியில்லா மேலதிகப் பற்றுடன் விளம்பரப்படுத்தப்படும் மாணவர் கணக்குகள் நமக்குக் கிடைக்கமாட்டா. அவற்றுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டு மனம் நோக வேண்டாம்.

வாடகை வீடு தேடுவோருக்கும் தனியார் வாடகை முகவர்களின் கடன் வரலாற்றுச் சோதனை ஒரு தடை. பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதிகளில் பொதுவாக இந்தச் சோதனை இல்லாததால், தனியாகப் படிக்கப் போகும் இளையவர்கள் அங்கே முதலில் கேட்பது நல்லது. சில பல்கலைக்கழகங்கள் தாமே மாணவருக்குப் பிணை நிற்கும் ஏற்பாட்டையும் வைத்திருக்கின்றன.

எல்லாவற்றிலும் அதிகம் யோசிக்க வேண்டியது, கடனிலிருந்து மீளும் ஒருவர் மீண்டும் இவ்வளவு பெரிய தொகையைக் கடனாக ஏற்கலாமா என்பதுதான். லண்டனில் மூன்றாண்டுகள் படித்து இரண்டு கடன்களையும் உச்ச அளவில் பெற்றால், வட்டியைச் சேர்க்காமலே அண்ணளவாக 70,000 பவுண் ஆகும். கடையின் கடனைவிட இது பெரியது என்று என் கணவர் சொன்னபோது என்னிடம் உடனடிப் பதில் இருக்கவில்லை. பின்னர் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 2023 ஓகஸ்ட் முதல் தொடங்கிய பட்டப்படிப்புகளுக்கு, ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டிய பிறகு, தாண்டிய தொகையில் 9 வீதம் மட்டும் கழிக்கப்படும். ஒரு புதிய தாதியின் ஆரம்பச் சம்பளம் 2025–26இல் ஏறக்குறைய 31,000 பவுண். மேலதிகமான 6,000 பவுணில் 9 வீதம் ஆண்டுக்கு 540 பவுண், மாதத்துக்கு 45 பவுண். வேலை போனால் கழிவும் நின்றுவிடும். எந்தக் கடன்வசூல் ஆளும் கதவடிக்கு வரமாட்டார். நாற்பது ஆண்டுகளில் செலுத்தி முடியாத பாக்கி தள்ளுபடியாகும். வட்டியும் பணவீக்க அளவோடு நிற்கும். கடைக் கடனின் தவணை, கடை ஓடினாலும் படுத்தாலும் மாதம் தவறாமல் கேட்டது. இந்தக் கடன் வருமானம் இருக்கும்போது மட்டுமே கேட்கிறது. இந்த வேறுபாட்டை மனம் ஏற்றபோதுதான் எனக்கு விண்ணப்பிக்கத் துணிவு வந்தது.

அதே நேரத்தில், நாற்பது ஆண்டு என்பது ஓய்வூதிய வயது வரைக்கும் நீளும் காலம். இந்தக் கடனை இன்னொரு வங்குரோத்தாலோ கடன் நிவாரண ஆணையாலோ கழற்றிவிட முடியாது. அறுபது நாட்களுக்குக் கடன்காரரைத் தள்ளி நிறுத்தும் மூச்சுவிடும் அவகாசத் திட்டத்திலும் இது சேர்க்கப்படாது. ஏற்கெனவே பெற்ற மாணவர் கடன் போய்விடும் என்ற எண்ணத்தில் வங்குரோத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் ஏமாந்தே போவார்கள். இடையில் படிப்பை விட்டால் அந்த ஆண்டின் கட்டணப் பொறுப்பு முதலாம் கல்வித் தவணையில் 25 வீதம், இரண்டாம் கல்வித் தவணையில் 50 வீதம், மூன்றாம் கல்வித் தவணையில் முழுவதும் என்று ஏறுகிறது. அத்துடன் விட்டுப்போன ஆண்டு அடுத்த முறை கிடைக்கக்கூடிய நிதியிலிருந்தும் கழிக்கப்படும். குடும்பம் நெருக்கடியில் இருக்கும்போது அவசரப்பட்டுச் சேர்ந்து, சில மாதங்களில் விட்டுவிடுவதைவிட ஓராண்டு பொறுத்துச் சேர்வது எவ்வளவோ நல்லது.

படிப்பைத் தெரிவு செய்யும்போதும் வங்குரோத்தை மனதில் வைக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு அது தடை அல்ல. ஆனால் வழக்கறிஞர், கணக்காளர் போன்ற தொழில்களில் அந்தந்தத் தொழில் அமைப்புகள் நிதி ஒழுக்கத்தை ஆராய்கின்றன. காவல்துறையின் பின்னணி ஆய்விலும் கடன் நிலை பார்க்கப்படுகிறது. வங்குரோத்து முடியும் வரை நீதிமன்ற அனுமதியின்றிக் கம்பனி இயக்குநராக இருக்க முடியாது. தாதியர், ஆசிரியர் தொழில்களில் வங்குரோத்து தன்னளவில் தடையாவதில்லை. அது குற்றத்தீர்ப்பு அல்லாததால் குற்றப் பின்னணிச் சான்றிதழிலும் வராது. பயிற்சி வைத்தியசாலையில் இது தெரியவருமோ என்று தயங்கும் பெண்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

நம் சமூகத்துக்கு உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. காசில்லாத குடும்பங்களைத் தேடி வந்து, இந்தக் கல்லூரியில் பெயரைப் பதியுங்கள், வாழ்க்கைச் செலவுக் கடன் கைக்கு வரும், வகுப்புக்குப் போக வேண்டியதில்லை என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டப்படிப்பு நடத்தும் சில கல்லூரிகளின் வழியாக மாணவர் நிதி முறைகேடாகப் பயன்படுத்தப்படுவது பற்றி, தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2024 ஜனவரியில் அறிக்கையே வெளியிட்டது. வங்குரோத்து ஆனவர் அப்படியொரு வலையில் சிக்கினால், உரிமையின்றிப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் சுமையோடு மோசடிக் குற்றச்சாட்டையும் சந்திக்க நேரிடலாம். விண்ணப்பம் நிரப்பித் தருவதற்குக் காசு வாங்குபவர்களிடமும் போக வேண்டாம். விண்ணப்பம் இலவசம். பல்கலைக்கழகங்களின் மாணவர் நிதி ஆலோசகர்கள் பக்கத்தில் இருந்து சொல்லித் தருவார்கள். கடன் பக்கத்துக்கு ஸ்டெப்சேஞ்ச், நஷனல் டெப்ட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றும் கட்டணமின்றி உதவுகின்றன. வங்குரோத்து அறிந்தவருக்கு மாணவர் நிதி விதிகள் முழுதாகத் தெரிவதில்லை, மாணவர் நிதி அறிந்தவருக்கு வங்குரோத்து விதிகள் தெரிவதில்லை என்பதால், இரண்டு இடத்திலும் கேட்டு விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தச் சேவையைப் பயன்படுத்துபவர் சுமக்கும் உண்மையான பாரம் அதுதான்.

இந்த நிதி யாருக்கு ஏற்றது என்று கேட்டால், படித்து முடித்ததும் வேலை நிச்சயமாக உள்ள துறையைத் தெரிவு செய்தவருக்கும், குடும்பத்தின் மாதச் செலவை ஏற்கெனவே எழுதிப் பார்த்தவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். இன்னும் வங்குரோத்துக்கு விண்ணப்பிக்காமல், வட்டிக் கடனையும் சீட்டுக் காசையும் மாணவர் கடனால் அடைக்கலாம் என்று எண்ணுபவருக்குப் பரிந்துரைக்கமாட்டேன். அவர் முதலில் கடன் ஆலோசகரிடம் போக வேண்டும். வங்குரோத்துக்குச் சற்று முன்னர் உறவினர் ஒருவருக்கு மட்டும் கடனை அடைத்தால், இரண்டு ஆண்டுகள் வரை பின்னோக்கிப் பார்த்து அந்தப் பணத்தை மீட்க முடியும் என்பதும் அவர் அறிந்திருக்க வேண்டியது.

விண்ணப்பிக்க முடிவு செய்தவர்கள், வருமானச் சான்றுகள் சரிபார்க்கப்படுவதற்கு வாரக்கணக்கில் எடுக்கும் என்பதால், பல்கலைக்கழக இடம் உறுதியாகும் வரை காத்திருக்காமல் வசந்த காலத்திலேயே அனுப்பிவிட வேண்டும். கற்கைநெறி மாறினால் பின்னர் திருத்திக்கொள்ளலாம். தாமதமானவர்களுக்கும் கல்வியாண்டு தொடங்கிய நாளிலிருந்து ஒன்பது மாதங்கள் வரை விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் முதல் தவணை, பல்கலைக்கழகம் நம் வருகையை உறுதிசெய்த பிறகே விடுவிக்கப்படும். செப்டெம்பர் மாத வாடகையையும் பயணச் செலவையும் அதற்கு முன்பே வேறு வழியில் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.